ஸ்பிதி: ஏழு நாளில் ஒன்பது கோம்பா, நடக்குமா?

சுக்குக்காப்பி · மே 11

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் ஹிமாச்சலில் இருக்கும் ஸ்பிதி போகலாம் என்று இருக்கிறோம். நான், தம்பி, அப்பா. அப்பாவுக்கு 63 வயது, பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிற ஆள், மூச்சு வாங்கப் போவது நான்தான். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ஓவியம் என்றால் அவருக்குச் சாப்பாடுகூட வேண்டாம். மலை மேல் இருக்கும் கோம்பாக்களை, அதாவது புத்த மடாலயங்களைப் பார்க்க வேண்டும் என்று நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சண்டிகரில் இறங்கி வண்டி பிடித்து முதல் நாள் மனாலி, மறுநாளே குன்சும் கணவாய் தாண்டிக் காஜா. அங்கே அறை போட்டுக்கொண்டு கீ, கோமிக், லாங்சா, குங்ரி, லாலுங், டங்கர், தாபோ, அப்புறம் இறங்கும் வழியில் கியூ, நாக்கோ. சிம்லா வழியாகத் திரும்பிவிடலாம். மொத்தம் ஏழு நாள், தம்பிக்கு அதற்கு மேல் லீவு கிடையாது. சரியாக வருமா? எதையாவது விட்டே ஆக வேண்டும் என்றால் எதை விடலாம்?

கடைசி சீட்டு · மே 11

கும்பகோணத்தில் விடிகாலை ஏற்றி ராத்திரி இறக்கிவிடும் நவக்கிரக டூர்தான் ஞாபகம் வருகிறது. கணக்கும் சரியாக ஒன்பது. அதிலாவது நடுவில் பொங்கல் வடை கிடைக்கும்.

நடராஜா சர்வீஸ் · மே 12

தங்கச்சி, எதை விடுவது என்பதை அப்புறம் பார்ப்போம், முதலில் ஏறுகிற பக்கத்தை மாற்றுங்கள். மனாலி 2,050 மீட்டர். குன்சும் 4,551. காஜா 3,650. மனாலியில் தூங்கி எழுந்த மனுஷரை அன்றைக்கே கணவாய் ஏற்றி அன்று ராத்திரியே காஜாவில் படுக்கவைத்தால் ஒரே நாளில் 1,600 மீட்டர் உயரம் கூடிவிடுகிறது, உடம்பு அதைச் சும்மா விடாது. அதுவும் வழியில் கிராம்ஃபூ என்ற இடத்தைத் தாண்டினால் அது ரோடு என்று சொல்வதே மரியாதைக்குத்தான், பல இடத்தில் ஓடைக்குள்ளேயேதான் வண்டி போகும், பத்து மணி நேரம் குலுக்கிய பிறகு தலைவலி உயரத்தால் வந்ததா ரோட்டால் வந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது.

சிம்லா பக்கமாக ஏறினால் நார்கண்டா 2,700, கல்பா 2,960, தாபோ 3,280, கடைசியாகக் காஜா. படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. நடுவில் நாக்கோ மட்டும் 3,600-ஐத் தாண்டும், அங்கே மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தாபோவுக்கு இறங்கிவிடலாம். இந்த வழியை முதலில் வகுத்தவர்கள் நம் அப்பாவை மனதில் வைத்தே வகுத்தார்களோ என்று தோன்றும்.

இதெல்லாம் பட்ட பாட்டில் சொல்வது. முதல் தடவை நானும் மனாலி வழியாகத்தான் போனேன். காஜாவில் ராத்திரி முழுக்க நெற்றியைச் சுற்றி ஈரத்துணியைக் கட்டி முறுக்குவது போல வலி. மறுநாள் விடாமல் கீ கோம்பாவுக்குப் போனேன், அங்கே அடுப்படியில் வருகிறவர்களுக்கெல்லாம் மூலிகை டீ கொடுப்பார்கள், அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன பார்த்தேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. பார்த்த இடங்களின் பட்டியலில் மட்டும் கீ இருந்தது.

எதை விடுவது? டிராயிங் மாஸ்டர் என்றால் என் யோசனை ஒன்றுதான். தாபோவில் மூன்று ராத்திரி. மீதி எட்டும் கிடைத்தால் கிடைக்கட்டும்.

பாலைக்கள்ளி · மே 12

ஏழு நாள்தான் என்றால் ஸ்பிதியே வேண்டாம், லடாக்கில் இருக்கும் லே போகச் சொல்லுங்கள். டெல்லியில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். திக்சேயில் காலைப் பூசை, ஹெமிஸ், லாமாயுரு, எல்லாமே தார் ரோட்டில். ஓவியம் வேண்டுமா, சிந்து நதிக் கரையில் ஆல்ச்சி இருக்கிறது. மூன்றடுக்குக் கோயிலில் மூன்று ராட்சத போதிசத்துவர்கள், ஒவ்வொருவர் இடுப்பு வேட்டியிலும் குட்டிக் குட்டியாகப் படம் வரைந்திருக்கிறான். மைத்ரேயர் வேட்டியில் புத்தர் வரலாறு, அவலோகிதேஸ்வரர் வேட்டியில் கோயிலும் அரண்மனையும், மஞ்சுஸ்ரீ வேட்டியில் 84 சித்தர்கள். அதைப் பார்க்காமல் தாபோதான் தாபோதான் என்றால் எப்படி?

கம்பவுண்டர் · மே 13

பாலைக்கள்ளி சார், லே 3,500 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து புறப்பட்டவரை ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கே இறக்குவதுதான் மனாலி வழியைவிடப் பெரிய தாவல். விமானத்தில் போகலாம், தப்பில்லை, ஆனால் முதல் இரண்டு நாள் முழுக்க அறையிலேயே கிடக்க வேண்டும், அப்படிக் கழித்தால் ஏழு நாள் ஐந்தாகிவிடும். மூவாயிரம் மீட்டருக்கு மேலே, படுக்கிற உயரத்தை ஒரு ராத்திரிக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதுதான் பொதுக் கணக்கு. பகலில் மேலே போய்விட்டு இறங்கிப் படுப்பதில் பெரிய தொந்தரவு இல்லை.

மேடம், உயரம் ஒத்துக்கொள்ள டயமாக்ஸ் மாத்திரை வாங்கிக்கொள்ளலாமா என்று அடுத்து கேட்பீர்கள். உங்கள் ஊர் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். அப்பா சாப்பிடும் பிபி மாத்திரை சிறுநீரைப் போக்குகிற வகையாக இருந்தால், இதுவும் அதே வேலையைத்தான் செய்யும். சல்ஃபா ஒவ்வாமை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விரல் நுனி மரத்துப்போன மாதிரி குறுகுறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு: நேராக நடக்கச் சொன்னால் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு இரைப்பது. அப்படி ஏதாவது தெரிந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது, ராத்திரியானாலும் கீழே இறக்க வேண்டும். டப்பாவில் விற்கிற ஆக்சிஜன் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும், அதை நம்பி மேலே தங்காதீர்கள்.

லென்ஸ் மூடி · மே 14

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். போன வருஷம் தாபோ போனேன். உள்ளே படம் எடுக்கக் கூடாது, கேமராவை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே போனால் கும்மிருட்டு, ஒன்றும் தெரியவில்லை. வெளியே இருந்து பார்த்தால் நம்மூர்க் குட்டிச்சுவர் மாதிரி மண் மேடு. ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். இதற்கு மூன்று ராத்திரியா? டங்கர் போங்கள். ஸ்பிதி ஆறும் பின் ஆறும் சேர்கிற இடத்துக்கு மேலே, விழப்போகிற பல் மாதிரி ஒரு பாறை முனையில் கோம்பா தொங்குகிறது. அதுதான் படம்.

நடராஜா சர்வீஸ் · மே 14

ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தீர்கள் என்கிறீர்களே, கண் இருட்டுக்குப் பழகவே பத்து நிமிஷம் ஆகும். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து இலை போட்டதும் எழுந்து வந்துவிட்டு சாப்பாடு சரியில்லை என்கிற மாதிரி இருக்கிறது.

பெரிய கோயிலுக்குள் வெளிச்சம் என்றால் கூரையில் இருக்கும் சின்னத் திறப்பு வழியாக விழுவதுதான். முதலில் வெண்ணெய் விளக்கின் வாசனையும் காலடியில் குளிர்ச்சியும் மட்டும்தான் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துத் தலைக்கு மேலே ஒரு முழங்கால் தெரியும். அப்புறம் ஒரு கை. சுற்றிலும் சுவரில் முப்பதுக்கும் மேற்பட்ட மண் சிலைகள், கிட்டத்தட்ட ஆள் அளவில், தரையில் நிற்காமல் சுவரின் பாதி உயரத்திலிருந்து வெளியே வந்து உட்கார்ந்திருக்கும். எதிரே முதுகோடு முதுகு ஒட்டி நான்கு திசையும் பார்க்கும் வைரோசனர் என்ற புத்தர். சிலைகளுக்குக் கீழே, நம் கண் மட்டத்தில், ஓவியப் பட்டை. இதெல்லாம் ஒரே நேரத்தில் தெரியாது, ஒவ்வொன்றாகத்தான் வரும். நான் மூன்றாவது தடவை போனபோதுதான் ஓவியத்தில் இருக்கும் ஆட்களின் துணிக் கரை எனக்குத் தெரிந்தது.

டங்கர் பிரமாதமான இடம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது வெளியே நின்று பார்க்கிற இடம், தாபோவை உள்ளே போய்த்தான் பார்க்க முடியும்.

மண்சுவர் · மே 15

குட்டிச்சுவர் என்று சொன்னவருக்கு. நான் மண் வீடு கட்டிப் பிழைக்கிறவன், அதனால் சொந்தக் கோபம் கொஞ்சம் உண்டு. தாபோ 996-இல் கட்டியது. தஞ்சைப் பெரிய கோயிலை முடித்தது 1010-இல். ராஜராஜன் ஆட்சியில் உட்கார்ந்திருந்த அதே காலத்தில், மேற்குத் திபெத்தில் யேஷே ஓ என்ற ராஜா கட்டவைத்தது இது. 46 வருஷம் கழித்துப் புதுப்பித்ததாக உள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மாள் கருங்கல்லில் கட்டினான், நிற்கிறது, அதில் ஆச்சரியமில்லை. வெயிலில் காய்ந்த பச்சைச் செங்கல்லில் கட்டியது ஆயிரம் வருஷம் நிற்பதுதான் பேச்சு. 1975 ஜனவரியில் கின்னௌரில் வந்த பெரிய நிலநடுக்கத்தையும் பார்த்துவிட்டது.

காரணம் எளிது. அங்கே மழை கிடையாது, மழைமறைவுப் பிரதேசம். இமயமலைக்கு இந்தப் பக்கமே மேகம் காலியாகிவிடும். கூரை தட்டையாக, மரச்சட்டம், குச்சி, மேலே மண், அவ்வளவுதான். பனியை வழித்துத் தள்ளிவிடுவார்கள். அந்தக் கூரைக்கு எதிரியே நின்று பெய்கிற மழைதான், ஒரு நாள் விடாமல் பெய்தால் ஓவியத்தின் மேல் மண்கோடாக ஒழுகும். இப்போது அந்தப் பக்கம் மழை பெய்கிற விதமும் மாறிவருகிறது. 2023 ஜூலையில் சந்திரதால் ஏரிப் பக்கம் ஏறத்தாழ 300 பேர் மாட்டிக்கொண்டு மீட்டுக் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கும். ஒழுகுகிறதே என்று நல்லெண்ணத்தில் யாராவது சிமெண்ட் பூசினால் கதை முடிந்தது. மண் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவைக்கும், சுவர் உள்ளிருந்து உப்பி உதிரும். ஊருக்கு ஊர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாலைக்கள்ளி · மே 15

சரி சரி, தாபோவை யாரும் குறை சொல்லவில்லை. ஆல்ச்சியிலும் உள்ளே படம் எடுக்க விட மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் லென்ஸ் மூடி என்னிடம் வந்து சண்டை போடுவார்.

ஏட்டுச்சுரைக்காய் · மே 17

தாபோ போனதில்லை, படித்ததோடு சரி, பெயரே சொல்லும். அந்த ஓவியப் பட்டையைப் பற்றி ஒன்று. தெற்குச் சுவரில் இருப்பது சுதனன் கதை, வடக்குச் சுவரில் புத்தர் வரலாறு. வாசல் கிழக்கே பார்த்தது, அதனால் உள்ளே நுழைந்து வலம் வந்தால் இடது கைப் பக்கம் முதலில் வருவது சுதனன்தான்.

சுதனன் ஒரு வணிகர் வீட்டுப் பையன். மஞ்சுஸ்ரீ அவனைத் தெற்கே போய்க் கேள் என்று அனுப்பிவிடுகிறார். ஒவ்வொருவராகப் போய்க் கேட்கிறான், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மீதிக்கு இன்னாரைப் பார் என்று அவர்கள் அடுத்தவரிடம் அனுப்புகிறார்கள். இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். துறவி, ராஜா, படகோட்டி, வாசனைத் திரவியம் விற்கிறவன், கணிகை, சின்னப் பிள்ளைகள். அதில் தொடக்கத்திலேயே வரும் ஒருவர் பெயர் மேகன், திராவிட நாட்டுக்காரர் என்று மூல நூலான கண்டவியூக சூத்திரமே சொல்கிறது. எழுத்தும் மொழியும் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். நம்ம ஊர் வாத்தியார் ஒருவர் வருகிற கதையை மூவாயிரம் மீட்டருக்கு மேலே சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். டிராயிங் மாஸ்டரிடம் சொல்லுங்கள்.

சுக்குக்காப்பி · மே 18

படித்துக் காட்டினேன். "நம்ம ஊர் வாத்தியாரா" என்று இரண்டு தடவை கேட்டார். தம்பி அலுவலகத்தில் சண்டை போட்டுப் பத்து நாள் வாங்கிவிட்டான். நடராஜா அண்ணா சொன்ன வழியிலேயே போகிறோம். தாபோவில் மூன்று ராத்திரி. மருத்துவரையும் பார்த்தாயிற்று, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஸ்பிதிக்கு நமக்கு அனுமதிச் சீட்டு ஏதாவது வேண்டுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கடைசி சீட்டு · மே 18

இந்தியர்களுக்கு எதுவும் வேண்டாம், ஆதார் கையில் இருந்தால் போதும், வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் ரெக்காங் பியோவில் சீட்டு வாங்கும் வேலை. சாப்பாட்டுக்கு ராஜ்மா சாதம், பருப்பு, காய்கறி துக்பா (நூடுல்ஸ் சூப்) எங்கேயும் கிடைக்கும். வெண்ணெய் டீ கொடுத்தால் டீ என்று நினைத்து வாயில் வைக்காதீர்கள், உப்புப் போட்ட பருப்புத் தண்ணியில் யாரோ தாராளமாக நெய் விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பணம் பியோவிலேயே எடுத்துவிடுங்கள். பியோவிலிருந்து காலையில் காஜாவுக்கு அரசுப் பேருந்தும் இருக்கிறது, பொழுதும் போகும், முதுகும் போகும்.

சுக்குக்காப்பி · அக்டோபர் 4

வந்துவிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கல்பாவில் இரண்டு ராத்திரி இருந்தோம், எங்கே பார்த்தாலும் ஆப்பிள் பெட்டி, தங்கின வீட்டில் போகும்போது ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டார்கள். நாக்கோ தாண்டும் முன் மண் சரிந்து மூன்று மணி நேரம் நின்றோம், அந்த ஆப்பிள்தான் சாப்பாடு. சண்டிகரில் வண்டி பேசிவிட்ட ஆள் ஆக்சிஜன் டப்பா இரண்டு தலையில் கட்டினான், திறக்காமலே திரும்பி வந்தது, கம்பவுண்டர் சார் சொல்லியும் கேட்காத தம்பி அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

தாபோ. முதல் நாள் சாயங்காலம் உள்ளே போனபோது லென்ஸ் மூடி சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அப்பா மட்டும் நகரவே இல்லை. சாவி வைத்திருந்த இளம் பிட்சு வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும், அப்பா என் கையைப் பிடித்து இழுத்து, "இவன்தான், இவன்தான், இங்கேயும் இவன்தான்" என்றார். ஒரே பையன் பட்டையில் திரும்பத் திரும்ப வருகிறான். ஒரு கட்டத்தில் கை கூப்பி நிற்கிறான், அடுத்ததில் நடக்கிறான், அதற்கடுத்ததில் மறுபடியும் யார் முன்னாலோ கை கூப்புகிறான். தஞ்சாவூரில் சுந்தரர் கயிலாயம் போகிற ஓவியத்தின் நகலைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பாடம் எடுத்தவர் அவர், ஒரே ஆளை ஒரே சுவரில் பல தடவை வரைந்து கதை சொல்லும் முறை அவருக்குப் பழக்கம்.

படம் எடுக்கக் கூடாது என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. உள்ளே நின்று பார்ப்பார், வெளியே வந்து மண்மதிலுக்குள்ளே வெயில் விழும் இடத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைவார். பாதியில் நின்றுவிடும், பையனின் முழங்கை மடங்கியிருந்ததா நீட்டியிருந்ததா என்று. மறுபடியும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே. இரண்டாம் நாள் மட்டும் எண்ணினேன், பதினொரு தடவை. கடைசியில் அந்த பிட்சு பூட்டுவதை விட்டுவிட்டு இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒரு படத்தைக் காட்டி ஏதோ சொன்னார், தம்பியின் அரைகுறை இந்தியில் புரிந்தது என்னவென்றால், காது சின்னதாகப் போட்டிருக்கிறீர்கள், இன்னும் தொங்க வேண்டும். அப்பா அழித்துவிட்டு நீளமாகப் போட்டார். பிட்சு தலையை ஆட்டினார்.

மற்றவை: டங்கர் பார்த்தோம், அப்பாவும் தம்பியும் ஏரிவரை ஏறினார்கள், நான் கீழேயே இருந்தேன். கீ பார்த்தோம், டீ குடித்தோம், உள்ளேயும் போனோம் நடராஜா அண்ணா. லாங்சா வழியில் பார்த்தது. நாக்கோவில் சாப்பிட்டதோடு சரி. கியூ, கோமிக், குங்ரி, லாலுங் போகவில்லை. கணவாயில் பனி விழுந்ததாகச் சொன்னதால் சிம்லா வழியாகவே திரும்பினோம்.

மண்சுவர் · அக்டோபர் 4

கூரை எப்படி இருந்தது? ஒழுகின தடம் ஏதாவது தெரிந்ததா?

சுக்குக்காப்பி · அக்டோபர் 5

சில இடத்தில் சுவரில் மேலிருந்து கீழே வெளுத்த கோடு இருந்தது, பழசா புதுசா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பா அதையும் வரைந்து வைத்திருக்கிறார், அனுப்புகிறேன்.

இன்னொரு உதவி. யாராவது அடுத்து போகிறவர்கள் இருந்தால் கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா? தெற்குச் சுவர், நுழைந்ததும் இடது பக்கம், இரண்டாவது சிலைக்குக் கீழே. பையன் கையில் இருப்பது பூவா, சுவடியா? அப்பா இரண்டையும் வரைந்து வைத்துக்கொண்டு ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நடராஜா சர்வீஸ் · அக்டோபர் 5

ஜூனில் போகிறேன். அதுவரை இரண்டையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.